எல்லோருக்கும் ஒரு மொழி தந்த ஜான் கெமெனி

கம்ப்யூட்டர் பெரிய விஞ்ஞானிகளுக்கு மட்டும்தான் என்றிருந்த காலத்தில், எல்லா மாணவர்களுக்கும் அது வரும் என்று நம்பியவர் ஜான் கெமெனி.

1926-இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளுக்குத் தப்பி 1940-இல் அமெரிக்கா போனது குடும்பம். ஊரும் புதுசு, பாஷையும் புதுசு. ஆனாலும் கணிதத்தில் தேறி, பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்கே உதவியாளர் ஆனார்!

பிறகு டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர். அங்கே பெரும்பாலோர் சயின்ஸ் படிக்காதவர்கள். அவர்களும் புரோகிராம் எழுதணும் என்று தாமஸ் கர்ட்ஸோடு சேர்ந்து பேசிக் மொழியை உருவாக்கினார். 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு அது முதன்முதலாக ஓடியது. லெட், பிரிண்ட், இஃப் என்று சாதாரண வார்த்தைகள்தான் கட்டளைகள். 1984-இல் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் பேசிக்தான் கூட வந்தது. கெமெனி 1992-இல் மறைந்தார்.

மரக்காணம் உப்பளத்துக் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க தெரு ப்ளஸ் ஒன் பசங்களுக்கு லூப் புரியலைன்னா பாத்தியைக் காட்டுவேன்: உப்பு விளையும்வரை காத்திரு, விளைஞ்சா வாரு, மறுபடி தண்ணி பாய்ச்சு. உடனே புரிஞ்சிடுது.

லீவில் ஊருக்குப் போகும்போது நீங்களும் நாலு பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், நண்பர்களே!