எட்டு அடி தூரத்தில் ஆட்கொல்லிப் புலி!

1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ந் தேதி. இமயமலைச் சாரலில் உள்ள குமாயூன் பிரதேசம்.

ஒரு பள்ளத்தாக்கின் வழியே ஒரு மனிதர் மெல்ல நடந்து வந்தார். இடது கையில் இரண்டு சிறிய பறவை முட்டைகள். வலது கையில் ஒரு துப்பாக்கி. வழியில் ஒரு பெரிய பாறை இருந்தது. அவர் அதைச் சுற்றித் திரும்பினார். வலது தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

அங்கே படுத்திருந்தது ஒரு புலி! எட்டு அடி தூரம்தான் இருக்கும். அது ஆட்கொல்லி. அதுவும் அதன் குட்டியும் சேர்ந்து 64 பேரைக் கொன்றிருந்தன.

துப்பாக்கியோ மார்பின் குறுக்கே, வேறு திசையை நோக்கி இருந்தது. சட்டென்று அசைந்தால் புலி பாய்ந்துவிடும். அசையாமல் நின்றாலும் ஆபத்துதான்.

அந்த மனிதர் யார்? அவர்தான் ஜிம் கார்பெட். அன்று அவர் பிழைத்ததற்குத் துணிச்சல் மட்டும் காரணம் அல்ல. தம் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி ஏற்றது, எந்தக் குறி ஏற்றது என்று அவர் அறிந்திருந்தார். அந்த அறிவும் ஒரு காரணம்.

காடே பள்ளிக்கூடம்

கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிடாலில் பிறந்தார். தந்தை அந்த ஊர்த் தபால் அதிகாரி. ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பெரிய குடும்பம், வருமானமோ குறைவு.

குளிர்காலத்தில் அந்தக் குடும்பம் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கிக்கு வந்துவிடும். அங்கே வீட்டைச் சுற்றிலும் காடு. சிறுவன் ஜிம் முதலில் கவண் வைத்திருந்தான். பிறகு உண்டிவில் கிடைத்தது. அதன் பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வந்தது. மருந்து போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி அது. இரண்டு குழல்களில் ஒன்று பிளந்து போயிருந்தது!

இருந்தது ஒரே குழல். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். ஆகையால் கண்டபடி சுட முடியாது. அருகில் போக வேண்டும். சத்தம் இல்லாமல் போக வேண்டும். ஒரே வெடியில் முடிக்க வேண்டும். ஓட்டைத் துப்பாக்கி சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

வளர்ந்ததும் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றி ஏற்றும் காண்டிராக்ட் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே தொழிலாளர்களோடு சேர்ந்து உழைத்தார். வேட்டை அவருக்குத் தொழில் அல்ல.

உடைந்த இரண்டு பற்கள்

1907-ம் ஆண்டு சம்பாவத் என்ற ஊரைச் சுற்றி ஒரு பெண்புலி மக்களைக் கொன்று தின்றுகொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேர். பிறகு குமாயூனில் 236 பேர். மொத்தம் 436 பேர் என்று கணக்கு.

அதைக் கொல்ல கார்பெட்டை அழைத்தார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலியின் தலைக்கு வைத்திருந்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகக் கொல்கிறவன் என்ற பெயர் தமக்கு வரக்கூடாது என்று நினைத்தார்.

கிராமத்து மக்கள் கூடி நின்று சத்தம் போட்டுப் புலியைக் கிளப்பினார்கள். கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. புலி காயத்தோடு நின்றது. அவர் ஓடிப் போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். அது பழுதான துப்பாக்கி. புலியின் வாயைக் குறி பார்த்துச் சுட்டார். குண்டு அதன் பாதத்தில் பட்டது! நல்லவேளையாக, முன்பு பட்ட குண்டுகளால் புலி அப்போதே உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்தில் மேலும் கீழும் இருந்த கோரைப் பற்கள் உடைந்திருந்தன. என்றோ, யாரோ ஒருவர் சுட்ட குண்டு அவற்றை உடைத்துவிட்டது. அதனால் புலியால் மானைப் பிடிக்க முடியவில்லை. மனிதனைப் பிடித்தது.

குறி தவறிய ஒரு குண்டு. அதன் விலை 436 உயிர்கள்! குறி பார்ப்பது விளையாட்டு அல்ல என்பதை அன்று கார்பெட் கண்கூடாகக் கண்டார்.

பரிசாக வந்த ரைபிள்

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹிவெட் அவருக்கு ஒரு ரைபிள் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள் அது. கனம் குறைவு. குண்டு வேகமாகப் பாயும். எதிர்ச் சரிவில் நிற்கும் மலையாட்டையும் அதனால் சுடலாம். பக்கத்தில் நிற்கும் புலியையும் சுடலாம்.

.450/400 என்ற இரட்டைக் குழல் ரைபிள் ஒன்றும் அவரிடம் இருந்தது. அது கனமானது, அடி பலமானது. இரண்டு குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம்.

பரிசாக வந்த ரைபிளில் இருந்தது சாதாரணக் குறிதான். குழலின் பின்பக்கம் ஒரு பிளவு. முன்பக்கம் ஒரு முனை. பிளவுக்கு நடுவே முனையை நிறுத்தி, அதன் மேல் மிருகத்தை வைத்துச் சுட வேண்டும்.

கண்ணாடி வைத்தால் நல்லதல்லவா?

வாசகர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். துப்பாக்கியின் மேல் டெலஸ்கோப் பொருத்திக் குறி பார்க்கிறார்களே, அது இன்னும் நல்லதல்லவா?

அது வேட்டையாடும் முறையைப் பொறுத்தது. 4 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில், 200 கெஜ தூரத்தில் நிற்கும் ஆடு 50 கெஜத்தில் நிற்பது போலத் தெரியும். திறந்த வெளியிலும் மலையிலும் உட்கார்ந்து, துப்பாக்கியைத் தாங்கலில் வைத்து, நிதானமாகச் சுடுகிறவருக்கு இது பெரிய உதவி. இன்னும் அதிக மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் அவருக்குப் பயன்படும்.

ஆனால் ஒன்று கூடினால் ஒன்று குறையும். உருவம் பெரிதாகப் பெரிதாக, கண்ணுக்குத் தெரியும் இடம் சுருங்கிவிடும். பப்பாளித் தண்டின் வழியே பார்ப்பது போலத்தான். அடர்ந்த காட்டில் பத்தடி தூரத்தில் புலி பாய்ந்தால், கண்ணாடிக்குள் தெரிவது வெறும் மஞ்சள் ரோமம்தான்! தலை எது, தோள் எது என்று தெரியாது. காட்டுக்குள் நடந்து வேட்டையாடுகிறவருக்குச் சாதாரணக் குறி போதும். கண்ணாடிதான் வேண்டும் என்றால் மிகக் குறைவாகப் பெரிதாக்கும் கண்ணாடியே ஏற்றது.

அந்தி நேரத்தில் பரண் மேல் உட்காருகிறவருக்கு வெளிச்சம் முக்கியம். இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. முன் கண்ணாடியின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, பெரிதாக்கும் மடங்கால் வகுக்க வேண்டும். 42 மில்லிமீட்டர் கண்ணாடி 6 மடங்கு பெரிதாக்கினால் விடை 7. இருட்டில் மனிதக் கண்மணியும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்தான் விரியும். வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. அதே கண்ணாடி 12 மடங்கு பெரிதாக்கினால் விடை மூன்றரைதான். உருவம் பெரிதாக இருக்கும். ஆனால் மங்கலாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பலமான துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைக்கும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று, நான்கு அங்குலம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் புருவம் கிழிந்துவிடும்.

கார்பெட் தனியாகவே போவார். நடந்தே போவார். புதருக்கும் பாறைக்கும் நடுவே புலியை மிக அருகில் சந்திப்பார். மழையும் பனியும் அவருக்குப் புதிதல்ல. இப்போது வரும் கண்ணாடிகளை நைட்ரஜன் வாயு நிரப்பி அடைக்கிறார்கள். உள்ளே ஆவி படியாது. அந்தக் காலத்துக் கண்ணாடிகளோ ஈரத்தில் எளிதில் மங்கிவிடும். அவருடைய முறைக்குச் சாதாரணக் குறியே பொருத்தமாக இருந்தது.

இருட்டில் ஒரு வெளிச்சம்

ஆனால் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு அவர் பிடிவாதம் செய்யவில்லை.

ருத்ரப்பிரயாகையில் ஒரு சிறுத்தை இருந்தது. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் போகும் யாத்திரிகர்களின் பாதை அது. 1918 முதல் 1926 வரை அந்தச் சிறுத்தை 125 பேரைக் கொன்றது. அது வருவது இரவில். இரவில் எந்தக் குறி தெரியும்?

கார்பெட் துப்பாக்கியில் ஒரு டார்ச் விளக்கைப் பொருத்தினார். கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் பல இரவுகள் காத்திருந்தார். கீழே ஓர் ஆடு, கழுத்தில் மணியோடு கட்டப்பட்டிருந்தது. 1926 மே மாதத்தில் ஓர் இரவு. மணி சத்தம் கேட்டது. விளக்கின் பொத்தானை அழுத்தினார். வெளிச்சத்தில் சிறுத்தையின் தோள் தெரிந்தது. குறியும் நேராக அங்கேயே நின்றது! சுட்டார். அதே கணத்தில் விளக்கு அணைந்துவிட்டது. பொழுது விடிந்த பிறகுதான் சிறுத்தை செத்துக் கிடப்பதைக் கண்டார்.

அந்த எட்டு அடி

இனி முதலில் பார்த்த புலியிடம் வருவோம்.

இடது கையில் முட்டைகள். அதனால் வலது கை ஒன்றாலேயே துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். கார்பெட் அதை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். புலி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி நகர்வதை அது கவனிக்கவில்லை. கை வலித்தது, நேரம் நீண்டது. கடைசியில் குழல் புலியை நோக்கி வந்தது. சுட்டார். புலியின் தலை மெல்லச் சாய்ந்தது.

அவர் கையில் அன்று இருந்தது கனம் குறைந்த அந்த .275 ரைபிள்தான். கனமான ரைபிளாக இருந்திருந்தால் ஒரே கையால் அப்படித் திருப்பியிருக்க முடியுமா?

பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் போய், அந்த இரண்டு முட்டைகளையும் எடுத்த இடத்திலேயே வைத்தார். சிறிது நேரத்தில் தாய்ப்பறவை வந்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வேறொரு கண்ணாடி

1938-ம் ஆண்டு நவம்பரில் தாக் என்ற ஊரில் தம் கடைசி ஆட்கொல்லியைச் சுட்டார். புலியின் குரலைப் போலவே கத்தி, அதைத் தம் பக்கம் வரவழைத்தார். அன்று அவர் கையில் கனமான இரட்டைக் குழல் ரைபிள் இருந்தது. அது உதைத்த வேகத்தில் பாறையிலிருந்து கீழே நின்றவர்கள் மேல் விழுந்தார்!

ஆனால் அதற்கு முன்பே அவர் மனம் மாறியிருந்தது. காட்டிலாகா அதிகாரி சாம்பியன் என்பவர் புலிகளைப் போட்டோ எடுத்து வந்தார். அதைப் பார்த்து கார்பெட்டும் காமிரா வாங்கினார். துப்பாக்கியில் கண்ணாடி பொருத்தாத அவர், கண்ணாடி வழியே புலியைப் படம் பிடித்தார். சுட்டால் புலி ஒரு தடவைதான் கிடைக்கும். படம் எடுத்தால் எல்லோருக்கும் என்றும் கிடைக்கும் அல்லவா?

1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயூன் அடிவாரத்தில் உருவாக அவரும் உழைத்தார். 1947-ல் சகோதரி மாகியுடன் கென்யாவுக்குப் போனார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி நையேரி நகரில் காலமானார். 1957-ல் அந்தப் பூங்காவுக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

1972-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் யாரும் விளையாட்டுக்காகப் புலியை வேட்டையாட முடியாது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் கார்பெட் பூங்காவில்தான் தொடங்கியது. பரிசாக வந்த அந்த ரைபிளையோ, பிற்காலத்தில் ரிக்பி கம்பெனியே வாங்கிக்கொண்டது.

வேலைக்கு ஏற்ற கருவி வேண்டும். கருவியைவிடப் பெரியது, அதைப் பிடிக்கும் கையின் பொறுப்பு. உடைந்த இரண்டு பற்களைக் கண்ட கார்பெட், அதை ஒரு நாளும் மறக்கவில்லை.