அவையஞ்சாத் தீரர்

திருக்குறளில் அமைச்சரின் இயல்பு கூறும் பத்து அதிகாரங்களுள் இறுதியாக நிற்பது அவையஞ்சாமை. கற்றதனைக் கற்றோர்முன் தளராது எடுத்துரைக்கும் ஆற்றலை அமைச்சருக்குரிய நிறைவான தகுதியாக வள்ளுவர் வைத்தார் எனலாம். அத்தகுதி வாய்த்திருந்தும் ஒருநாளேனும் அமைச்சராக அமராத ஒருவரைத் தமிழகம் 'தீரர்' என்று போற்றி வருகிறது. அவரே எஸ். சத்தியமூர்த்தி.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையாரும் வழக்கறிஞரே, எனினும் இளமையிலேயே அவரை இழக்க நேர்ந்தது. புதுக்கோட்டையிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும் அவர்தம் வாதத்திறனை நீதிமன்றத்தைவிட நாட்டுப்பணியே மிகுதியும் பயன்கொண்டது. 1919இல் காங்கிரசின் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்று இந்தியாவின் உரிமையை எடுத்துரைத்தார்.

சட்டமன்றங்களைப் புறக்கணிப்பதே விடுதலைக்கு வழி என்று ஒரு சாரார் கருதிய காலம் அது. ஆட்சியாளரை அவர்தம் அவையிலேயே எதிர்நின்று மடக்க வேண்டும் என்ற சுயராஜ்யக் கட்சியின் நெறியைச் சத்தியமூர்த்தி மேற்கொண்டார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துள் புகுந்தார். சிறைக்கும் அவர் அஞ்சியவரல்லர். 1930இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடியேற்ற முயன்று கைதானார். 1934இல் ஏ. இராமசாமி முதலியாரைத் தேர்தலில் வென்று மத்திய சட்டசபைக்குச் சென்றார். ஆங்குப் பூலாபாய் தேசாய் தலைமையில் அமைந்த காங்கிரஸ் கட்சிக்குத் துணைத்தலைவரானார். கேள்வி நேரத்தில் ஒரு விடையைப் பற்றிக்கொண்டு அடுத்தடுத்து அவர் தொடுத்த துணைக்கேள்விகள் அரசினரைத் திணறச் செய்தன. அவ்வன்மை நாவினால் மட்டும் வந்ததன்று. அறிக்கைகளையும் சட்டநுணுக்கங்களையும் முன்னரே ஆழ்ந்து கற்ற உழைப்பினால் வந்தது.

அவர்தம் கருத்துகள் அனைத்தும் காலத்தை வென்றவை என்று கூறுதல் இயலாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தபோது, மரபின் பெயரால் அதனை எதிர்த்து நின்றார் சத்தியமூர்த்தி. அரசியல் உரிமைக்காக அத்துணை வாதிட்டவர், பெண்களின் உரிமைக்குத் துணைநில்லாமை அவர் வாழ்வில் ஒரு குறையே. 1947இல் சட்டம் நிறைவேறியபோது வென்றது அம்மையாரின் கருத்தே.

1937இல் காங்கிரஸ் பதவியேற்க வேண்டும் என்று முனைந்து வாதிட்டோருள் அவரும் ஒருவர். பதவி வந்தது, இராஜாஜி அமைத்த அமைச்சரவையில் அவருக்கு இடம் வரவில்லை. அதனால் அவர் கட்சியை விட்டு விலகினாரல்லர். 1936இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக இருந்தபோது காமராசரைச் செயலாளராக்கினார். 1940இல் காமராசர் தலைவரானபோது, தாம் அவருக்குக் கீழே செயலாளராகப் பணிபுரிந்தார். தம்மால் வளர்ந்தவரின் தலைமையை ஏற்றுப் பணியாற்றுதல் எளிதோ?

1939இல் சென்னை மேயரானார். நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டை நீக்கக் கொற்றலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க அயராது முயன்றார். 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1942 ஆகஸ்டு இயக்கத்தின்போது கைதாகி அமராவதிச் சிறையில் அடைக்கப்பட்டார்; முதுகெலும்பு நோயுற்று நலிந்தார். 1943 மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது 1944இல். நாடு விடுதலை பெற்றது 1947இல். இரண்டையும் காண அவர் இல்லை. அந்நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இலக்கிய மேடைகளில் பேசப் பழகும் நம் இளைஞர் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. கைதட்டலோடு முடிந்துவிடும் பேச்சு பேச்சன்று. கற்றுத் தெளிந்து, கேள்வியாய் எழுந்து, பிறர் தாகம் தீர்க்கும் செயலாய் முடிவதே அவையஞ்சாமையின் பயன்.