மூச்சு வாங்குதா? மூளைக்கு 'தகவல்' சொல்வது யார்? கண்டுபிடித்த இந்தியர் பெயின்டல்!

பிள்ளைச்சாவடி கடற்கரை மணலில் வேகமா ஓடிப் பாருங்க. கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கும், கால் தளரும். உடம்பை நிற்கச் சொல்வது எது? இதற்கு விடை தேடியவர் அவ்தார் சிங் பெயின்டல்.

1925-ல் பர்மாவில் பிறந்து, லக்னோவில் மருத்துவம் படித்து, எடின்பரோவில் ஆய்வு செய்தவர். மூளையிலிருந்து இதயம், நுரையீரல், இரைப்பை வரை செல்லும் வேகஸ் நரம்பு, ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. பூனைகளிடம் அதில் ஒற்றை இழையைப் பிரித்து, அதில் ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்தார்.

தெரிய வந்தது என்ன? வயிறு நிறைந்தால் இரைப்பையும், ரத்தம் நிறைந்தால் இதய மேலறையும் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. 1955-ல் நுரையீரலிலும் அப்படி ஒரு உணர்வியைக் கண்டார். அதுதான் 'ஜே' உணர்வி. நுரையீரல் நுண்குழாய்களை ஒட்டி நீர் சேர்ந்தால் இது தூண்டப்படும். மூச்சு வேகமாகும், தசைகள் தளரும் என்று விளக்கினார். இதய நோயாளிகளின் மூச்சுத்திணறலைப் புரிந்துகொள்ள இது உதவியது.

1981-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். ஐசிஎம்ஆர் தலைமைப் பொறுப்பும் வகித்தார். 2004-ல் காலமானார்.

நாலு படி ஏறினாலே மூச்சு முட்டுதா? வயசாகிடுச்சுன்னு விட்டுடாதீங்க. நுரையீரல் ஏதோ சொல்லுது, டாக்டரைப் பாருங்க!