80 ஆண்டுகளாக ஏசி இல்லாத புதுச்சேரி கட்டடம்: யார் இந்த ஆன்டனின் ரேமண்ட்?

மே மாதப் புதுச்சேரியில் வெயிலோடு கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, எந்த அறைக்கு எத்தனை டன் ஏசி போடலாம் என்பதுதான். ஆனால் இதே ஊரில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான 'கோல்கொண்ட்' சுமார் 80 ஆண்டுகளாக ஏசி இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் வெக்கையை இழுத்து வைத்துக்கொள்ளும் கான்கிரீட் கட்டடம்!

அதை வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்ட். யார் இவர்? அவருடைய வேலையிலிருந்து நம் பழைய வீடுகளுக்கு என்ன கிடைக்கும்?

ஜப்பானில் கற்ற பாடம்

ரேமண்ட் 1888-ல் இன்றைய செக் குடியரசில் உள்ள கிளாட்னோவில் பிறந்தார். பிராகாவில் கட்டடக்கலை படித்துவிட்டு 1910-ல் அமெரிக்கா போனார். 1914-ல் நோயெமியை மணந்தார். வடிவமைப்பாளரான நோயெமி, கடைசிவரை அவருடைய தொழிலிலும் துணையாக இருந்தார்.

புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ரேமண்டை அழைத்துப் போனார். 1919 கடைசியில் ஜப்பான் வந்த ரேமண்ட், சீக்கிரமே ரைட்டிடமிருந்து விலகி 1921-ல் தனி அலுவலகம் தொடங்கிவிட்டார்.

அங்கே அவரைக் கவர்ந்தவை ஜப்பானின் பழைய மர வீடுகள். பாரத்தைத் தாங்குவது தூண்கள்; சுவருக்குப் பதில் நகரும் கதவுகள்; வெயிலும் மழையும் உள்ளே வராதபடி நீண்ட கூரைச் சரிவு. கோடையில் கதவை ஒதுக்கினால் வீடு முழுக்கக் காற்று. நவீன கான்கிரீட்டையும் இந்தப் பழைய அறிவையும் சேர்த்துக் கட்டுவதுதான் அவர் பாணி ஆனது.

புதுச்சேரிக்கு வந்த கதை

1930களின் நடுவில் ஆசிரமவாசிகளுக்கு ஒரு விடுதி தேவைப்பட்டது. ஹைதராபாத் சமஸ்தானத்தின் சர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாம் அரசின் நன்கொடை வந்தது. அதனால்தான் 'கோல்கொண்டா'வின் பிரெஞ்சு வடிவம் பெயரானது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

ரேமண்ட் வரைபடம் போட்டார். அவருடைய அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நாகஷிமா வந்து வேலையை மேற்பார்வையிட்டார். செக் நாட்டவரான ஃபிரான்டிஷெக் சாமரும் சேர்ந்துகொண்டார். 1938-ல் ஜப்பானை விட்டுக் கிளம்பிய ரேமண்டும் நோயெமியும் புதுச்சேரியில் சில மாதங்கள் தங்கினார்கள். ஆசிரமவாசிகளும் வேலையில் இறங்கினார்கள். உலகப் போரைத் தாண்டி 1940களில் கட்டடம் முடிந்தது.

உள்ளே வெக்கை ஏன் தங்கவில்லை?

முதல் காரணம், திசை. கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலை, மாலை வெயில் தாழ்வாக வந்து அடிப்பது கிழக்கு, மேற்குச் சுவர்களை. அந்தப் பக்கங்கள் இங்கே குறுகலானவை.

இரண்டாவது, கண்ணாடி ஜன்னலே கிடையாது. அதற்குப் பதில் முகப்பு முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலைத் தடுத்துவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடலாம். மழை வந்தால் மூடிவிடலாம். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே இடைவெளி விட்ட தேக்குக் கதவுகள். கதவு சாத்தியிருந்தாலும் காற்று குறுக்கே ஓடும்.

மூன்றாவது, இரட்டைக் கூரை. தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்று இடைவெளி. வெயிலை வாங்குவது மேல் ஓடு. அந்தச் சூடு இடைவெளிக் காற்றோடு போய்விடுவதால், கீழ்த்தளம் அவ்வளவாகச் சூடாவதில்லை.

அதே அறிவு, வேறொரு வேலை

ரேமண்ட் வாழ்க்கையில் சங்கடமான பக்கமும் உண்டு. 1943-ல் அமெரிக்க ராணுவம் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளைப் போலவே மாதிரி வீடுகள் கட்டியது. தீக்குண்டுகளைச் சோதிப்பதற்காக. அவற்றை வடிவமைத்தவர் ரேமண்ட். 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவுத் தீக்குண்டு வீச்சில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் இறந்தார்கள். எந்த வீடுகளை நேசித்துப் படித்தாரோ, அவை எப்படி எரியும் என்று கண்டறியவும் அவருடைய அறிவு பயன்பட்டது. போர் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். அது சுலபமான வேலையாக இருக்கவில்லை என்பதையும் 1973-ல் வந்த சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

போருக்குப் பிறகு மறுபடி ஜப்பான் போய்ப் பல கட்டடங்கள் கட்டினார். 1976-ல், 88 வயதில் அமெரிக்காவில் இறந்தார்.

பழைய வீட்டுக்கு என்ன செய்யலாம்?

கோல்கொண்டில் இருப்பது புதுச்சேரிக்குப் புதிதல்ல. தமிழர் பகுதி வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், முற்றம். பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் உயரமான கூரை, மரச்சட்ட ஜன்னல்கள். எல்லாம் நிழலுக்கும் காற்றுக்கும்தான். முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிட்டு, மரச்சட்ட ஜன்னலைக் கழற்றிக் கண்ணாடி மாட்டினால் வெக்கை தங்கத்தான் செய்யும். பிறகு கரண்ட் பில் ஏறும்.

ஆகவே, ஏசிக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்:

• முற்றத்தை அடைத்திருந்தால், காற்று மேலே போக வழி விடுங்கள்.

• வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே தடுங்கள். உள்ளே போடும் திரை, சூடு அறைக்குள் வந்தபிறகுதான் வேலை செய்யும்.

• மொட்டைமாடிக்கு நிழல் கொடுங்கள். தளத்திலிருந்து உயர்த்திய பந்தல் போதும். முடியாவிட்டால் வெள்ளைப் பூச்சு.

• எதிரெதிர் ஜன்னல்களை மறைக்கும் பீரோவை நகர்த்துங்கள். செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை: கோல்கொண்டின் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டில் செய்யப்பட்டவை. அதன் துகள் நுரையீரலுக்கு ஆபத்து என்பதால் இன்று மரமோ அலுமினியமோதான் சரி. உங்கள் பழைய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால், அதை நீங்களே உடைக்கவோ துளையிடவோ வேண்டாம்.