பெஞ்சில் பிறந்த விளையாட்டு உலகம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிரிபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா உண்டு. 1940-ம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு குதிரை ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் ஒரு தகப்பனார் தம் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே வருவார். குழந்தைகள் குதிரை மேல் ஏறிச் சுற்றுவார்கள். தகப்பனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

மற்ற பெற்றோர்களும் அப்படித்தான் இருந்தார்கள். காசு கொடுப்பார்கள். ராட்டினம் நிற்கும் வரை காத்திருப்பார்கள். அவர்களுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன?

அப்படி யோசித்தவர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸ் என்ற எலியைத் திரையில் ஆடவிட்டு, உலகத்தையே சிரிக்க வைத்தவர்.

விளையாட நேரமில்லாத சிறுவன்

டிஸ்னி 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தகப்பனார் பெயர் இலையாஸ். தாயார் பெயர் புளோரா.

இலையாஸ் கடும் உழைப்பாளி. ஆனால் தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. தச்சு வேலை செய்தார். 1893-ம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக் கட்டிட வேலையிலும் கூலிக்கு உழைத்தார். பிறகு மார்சலின் என்ற சிற்றூரில் பண்ணை வைத்தார். அதுவும் நிலைக்கவில்லை.

1911-ம் ஆண்டு குடும்பம் கான்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இலையாஸ் வீடு வீடாகப் பத்திரிகை போடும் தொழிலை எடுத்தார். அந்த வேலையில் ஒரு பங்கு ஒன்பது வயது டிஸ்னியின் தலையில் விழுந்தது.

விடியும் முன்பே சிறுவன் எழுந்துவிட வேண்டும். மழையானாலும் பனியானாலும் பத்திரிகை போட வேண்டும். பனி சில நாள் இடுப்பு உயரம் கிடக்கும். வேலை முடிந்து பள்ளிக்கூடம் போனால், வகுப்பில் தூக்கம் வரும். இவ்வளவு உழைத்தும் தகப்பனார் மகனுக்குக் கூலி கொடுக்கவில்லை. சோறும் துணியும் கொடுப்பதே போதும் என்பது அவர் எண்ணம்.

பணக்கார வீடுகளின் தாழ்வாரத்தில் சில சமயம் பொம்மைகள் கிடக்கும். அந்த வீட்டுக் குழந்தைகள் முந்திய நாள் விளையாடிவிட்டுப் போட்டவை. சிறுவன் டிஸ்னி அந்த இருட்டில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் அவற்றோடு கொஞ்ச நேரம் விளையாடுவான். பிறகு அவற்றை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவான்.

இப்படி ஆறு ஆண்டுகள் ஓடின. ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போடாமல் விட்டுவிட்டது போலப் பெரியவரான பிறகும் அவர் கனவு கண்டு திடுக்கிட்டு விழிப்பது உண்டு.

எலி தந்த வாழ்வு

1923-ம் ஆண்டு டிஸ்னி சொற்பப் பணத்தோடு ஹாலிவுட்டுக்கு வந்தார். அண்ணன் ராயும் அவரும் சேர்ந்து கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார்கள். 1928-ம் ஆண்டு மிக்கி மவுஸ் பேசும் படத்தில் வந்தது. 1937-ம் ஆண்டு முழுநீளக் கார்ட்டூன் படமாக ஸ்னோ ஒயிட் வெளிவந்தது. டிஸ்னியின் பெயர் உலகமெங்கும் பரவியது.

பெயரும் புகழும் வந்தன. ஆனாலும் பெஞ்சில் தோன்றிய யோசனை அவரை விடவில்லை.

போகிற ஊரிலெல்லாம் பூங்காக்களையும் பொருட்காட்சிகளையும் பார்த்தார். ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று கவனித்தார். பல இடங்களில் குப்பை கிடந்தது. வேலையாட்கள் சிடுசிடுத்தார்கள்.

இப்படிப்பட்ட அழுக்கான தொழில் எதற்கு என்று மனைவி லில்லியன் கேட்டார். தம்முடைய பூங்கா அப்படி இருக்காது என்று டிஸ்னி பதில் சொன்னார்.

1951-ம் ஆண்டு அவர் டென்மார்க் நாட்டுக்குப் போனார். கோபன்ஹேகன் நகரில் 1843-ம் ஆண்டு திறந்த டிவோலி பூங்காவைப் பார்த்தார். சுத்தமான பாதைகள், பூச்செடிகள், அழகான விளக்குகள், குடும்பம் குடும்பமாக உலாவும் ஜனங்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

வீட்டை விற்றார்

அண்ணன் ராய் தயங்கினார். கம்பெனியின் பணப்பெட்டி அவர் பொறுப்பில் இருந்தது. சினிமாக் கம்பெனிக்கு ராட்டினம் எதற்கு என்று கடன் கொடுப்பவர்களும் கைவிரித்தார்கள்.

டிஸ்னிக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருந்த ஓய்வு வீட்டை விற்றார். பூங்கா தோற்றால், குடும்பத்தின் சேமிப்பும் அதோடு போய்விடும்.

1953-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு ஓவியரை அழைத்து, பூங்காவின் படத்தை இரண்டே நாளில் வரையச் செய்தார். பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றாக விளக்கினார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனவர், முதலில் தயங்கிய அதே ராய்தான்!

ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி 5 லட்சம் டாலர் போட்டது. மேற்கொண்டு வாங்கும் கடனுக்கும் பொறுப்பு ஏற்றது. அதற்கு ஈடாக, டிஸ்னி வாரந்தோறும் டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்த ஒப்புக்கொண்டார்.

அனாஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். பெரும்பாலும் ஆரஞ்சுத் தோட்டங்கள். 1954-ம் ஆண்டு ஜூலை மாதம் வேலை தொடங்கியது.

அனைவருக்கும் இடம்

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என்ன வேண்டும்? ஒவ்வொரு வேலையிலும் டிஸ்னி இதையே பார்த்தார்.

வருவதற்கும் போவதற்கும் ஒரே வாசல் வைத்தார். சுற்றிலும் உயரமாக மண் கரை போட்டார். உள்ளே வந்தவர்கள் கண்ணில் வெளி உலகம் படாது. கரையின் மேல் நீராவி ரயில் விட்டார். தாத்தாவும் பேரனும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து பூங்காவைச் சுற்றி வரலாம்.

குதிரை ராட்டினத்தை மறப்பாரா? கனடாவில் இருந்து ஒரு பழைய ராட்டினத்தை வாங்கினார். அதில் எல்லாக் குதிரைகளும் துள்ளும் குதிரைகளாகவே இருக்கும்படி மாற்றினார். துள்ளாத குதிரை கிடைத்தது என்று எந்தக் குழந்தையும் முகம் வாடக் கூடாது அல்லவா?

எங்கு பார்த்தாலும் குப்பைத் தொட்டிகள் வைத்தார். கீழே விழும் காகிதத்தை உடனே எடுக்க ஆட்களை நியமித்தார்.

சோதனை நாள்

1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. ஆன செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்.

அன்று எல்லாமே தலைகீழாக நடந்தது. கள்ள டிக்கெட்டுகள் புகுந்தன. அழைக்காதவர்களும் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். உணவு தீர்ந்துபோனது. வெயில் கொளுத்தியது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதி உயர்ந்த செருப்புகள் அதில் புதைந்தன.

குழாய் வேலைக்காரர்கள் முன்பு வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அதனால் குடிதண்ணீர்க் குழாய்கள், கழிப்பிடங்கள் இரண்டையும் முடிக்க நேரமில்லை. டிஸ்னி கழிப்பிடங்களையே முடிக்கச் சொன்னார். குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீர் வைக்கவில்லை என்று ஜனங்கள் ஏசினார்கள்.

பத்திரிகைகள் குறை கூறின. டிஸ்னி சோர்ந்து உட்காரவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஏழே வாரத்தில் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்!

தகப்பனாருக்கு ஒரு ஜன்னல்

1966-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி டிஸ்னி காலமானார். வயது 65. புளோரிடாவில் அவர் திட்டமிட்டிருந்த இரண்டாவது பூங்காவை ராய் முன்னின்று கட்டினார். 1971-ம் ஆண்டு அது திறக்கப்பட்டபோது, தம்பியின் முழுப் பெயரையும் அதற்கு வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ராயும் காலமானார்.

டிஸ்னிலாந்தின் கடைவீதியில் ஒரு ஜன்னல் உண்டு. கட்டிட காண்டிராக்டர் இலையாஸ் டிஸ்னி என்று அதில் எழுதியிருக்கிறது. சிறுவயதில் தம்மை விளையாட விடாத தகப்பனாருக்கும், தாம் உண்டாக்கிய விளையாட்டு உலகத்தில் மகன் ஓர் இடம் கொடுத்தார்.

கிரிபித் பார்க்கில் இருந்த பெஞ்சு ஒன்றையும் பின்னாளில் டிஸ்னிலாந்தில் வைத்தார்கள்.

குழந்தைகளை வெளியே அழைத்துப் போகும்போது, பெரியவர்களும் பெஞ்சை விட்டு எழுந்து அவர்களோடு ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். டிஸ்னி தம் வீட்டை விற்றது அதற்காகத்தான்.