எஸ்.ஜி. கிட்டப்பா: இசைத்தட்டுகளில் எஞ்சிய குரல்

தமிழ் நாடக மேடையின் ஈடிணையற்ற பாடகராகக் கருதப்படும் எஸ்.ஜி. கிட்டப்பா, 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலமானபோது அவருக்கு வயது 27 மட்டுமே. முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வெளியாகிவிட்ட போதிலும், அவர் எந்தத் திரைப்படத்திலும் நடித்திருக்கவில்லை. ஆகவே அவரது கலைக்கு இன்று சான்றாக இருப்பவை அவர் பாடிய கிராமஃபோன் இசைத்தட்டுகளே.

அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் ராமகிருஷ்ணன். வறிய குடும்பத்தில் பிறந்த அவர், சகோதரர்களுடன் சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் பயின்று, பின்னர் கன்னையா கம்பெனியில் பெரும் புகழ் பெற்றார்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்ட வேண்டும். உச்ச சுருதியிலும் பிசிறில்லாமல் ஒலித்த கிட்டப்பாவின் குரல் அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தது.

இலங்கையில் தொடங்கிய உறவு

கொடுமுடியைச் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாளை அவர் சந்தித்தது 1920களின் நடுப்பகுதியில், இலங்கையில் நடைபெற்ற நாடகங்களின்போதுதான். இருவரும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் உள்ளிட்ட நாடகங்கள் இரு நாடுகளிலும் பெரும் கூட்டத்தை ஈர்த்தன. ஏற்கெனவே மணமாகியிருந்த கிட்டப்பா 1927இல் சுந்தராம்பாளைத் திருமணம் செய்துகொண்டார். ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. பிரிவின் வேதனையுடன் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூல்களில் இடம்பெற்றன.

கிட்டப்பாவின் மறைவுக்குப் பின்னர் சுந்தராம்பாள் வெள்ளாடை அணிந்தார்; ஆண்களுடன் ஜோடியாக நடிப்பதைத் தவிர்த்தார். 1935இல் வெளியான பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக அவரே நடித்தார். 1980இல் மறையும் வரை அந்த விரதத்தை அவர் கைவிடவில்லை.

மூன்று நிமிடக் கலை

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே பதிவு செய்ய முடியும். மேடையில் ரசிகர்கள் மீண்டும் மீண்டும் கேட்க, நெடுநேரம் விரிவாகப் பாடப்பட்ட பாடல்கள் இசைத்தட்டில் சுருங்கின. தியாகராஜரின் எவரனி கீர்த்தனையும், காயாத கானகத்தே என்ற நாடகப் பாடலும் அவ்வாறு பதிவானவையே. நாடகப் பாடகரின் ஞானம் சங்கீத வித்வான்களுக்குக் குறைந்ததல்ல என்பதை முதலாவது உணர்த்துகிறது. மேடையின் வேகத்தை இரண்டாவது காட்டுகிறது.

எனினும் அவரது நடிப்பு, வசனம், மேடையிலேயே நிகழும் பாட்டுப் போட்டிகள் ஆகியவை நேரில் கண்டவர்களின் நினைவோடு மறைந்துவிட்டன. பழைய தட்டுகளோ எளிதில் உடையக்கூடியவை. ஒவ்வொரு முறை ஊசி உரசும்போதும் தேய்பவை. சேகரிப்பாளர்கள் பாதுகாத்த பிரதிகள் கணினி வடிவம் பெற்றதாலேயே, செங்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவுக்குக் கிழக்கே தமிழர்கள் வாழும் பிக்கரிங் நகரிலும் அந்தக் குரலை இன்று ஒரே நேரத்தில் கேட்க முடிகிறது.

பிந்தைய பாடகர் ஒருவரின் வளர்ச்சியைப் பல பதிற்றாண்டுப் பதிவுகளின் மூலம் அறியலாம். கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவரது முழு இசை வாழ்வும் சில மணி நேரத்தில் கேட்டு முடிக்கக்கூடியது. வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய தட்டு ஒவ்வொன்றும் பாதுகாக்கப்பட வேண்டியதன் காரணமும் அதுவே.