ஒரே ஸ்கிரீன்ல அஞ்சு பேர்... அஞ்சுமே பி.யு.சின்னப்பா!

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கு பஸ்ல போயிருக்கீங்களா? சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர்னு போற வழியெல்லாம் வலது பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். சேலத்தில் இறங்கி ஏற்காடு ரோட்டைப் பிடித்தால், ஒரு பழைய நுழைவாயில் வளைவைப் பார்க்கலாம். டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. வாய்ப்பில்லாமல் இருந்த ஒரு நடிகரை உச்சத்துக்குக் கொண்டுபோன ஸ்டூடியோ. அந்த நடிகர்தான் பி.யு.சின்னப்பா.

1916 மே 5-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் நாடக நடிகர்தான். பள்ளிக்கூடத்தைவிட மேடைதான் பையனை இழுத்தது. சின்ன வயசிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

பாய்ஸ் கம்பெனின்னா, பையன்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழு. பெண் வேஷமும் அவங்களே போடணும். சாப்பாடு, தங்கல், பயிற்சி எல்லாம் கம்பெனியிலேயே. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா பெயர் வாங்கியபோது, அதே கம்பெனியில் வளர்ந்துகொண்டிருந்த இன்னொரு பையன் எம்.ஜி.ஆர்!

ஆனா, அங்கே ஒரு ஆபத்து இருந்தது. மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி உச்சஸ்தாயியில் பாடணும். வயசு ஏறி மகரக்கட்டு வந்து குரல் உடைஞ்சா, நேத்து வரைக்கும் ஹீரோவா இருந்த பையனுக்கு இன்னிக்கு வேலை இல்லை. சின்னப்பாவுக்கும் அதுதான் நடந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தார்.

சும்மா உட்காரலை. சிலம்பம், குஸ்தி, உடற்பயிற்சினு இறங்கினார். பாட்டையும் விடலை. மறுபடி மேடை ஏறி, 1936-ல் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்து வந்த படங்கள் சரியா போகலை. வாய்ப்பு நின்றுபோனது.

அப்போது சேலத்திலிருந்து அழைப்பு. 1940-ல் 'உத்தம புத்திரன்'. அலெக்ஸாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய படம். சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எல்லாம் கிடையாது. அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சின்னா, லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை எடுக்கணும். எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து நடிக்கணும். படம் பெரிய ஹிட்!

அதன்பிறகு 'ஆர்யமாலா', கோவலனாக நடித்த 'கண்ணகி' என வரிசையாக வெற்றி. 1944-ல் வந்த 'ஜகதலபிரதாபன்' படத்தில் பாடகர், பக்கவாத்தியக்காரர்கள் என ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள்! எம்.கே.தியாகராஜ பாகவதருக்குச் சரியான போட்டி இவர்தான் என ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பாகவதரின் பலம் குரல். சின்னப்பா பாடுவார், சண்டையும் போடுவார். குரல் போய் வேலையில்லாமல் இருந்த காலத்தில் கற்ற வித்தைதான் கைகொடுத்தது.

1951 செப்டம்பர் 23-ல் சின்னப்பா இறந்தபோது வயது 35 மட்டுமே. ஏழு வருஷம் கழித்து, அதே 'உத்தம புத்திரன்' பெயரில், அதே இரட்டை வேடத்தில் நடித்தவர் நம்ம விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன்.

இன்னிக்கு ராத்திரி ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, அந்த ஐந்து சின்னப்பா காட்சியைத் தேடிப் பாருங்க. அஞ்சு பேரில் யார் நல்லா நடிச்சிருக்காங்கன்னு நீங்களே சொல்லுங்க!